கோப்பையை விடுங்கள், 24 மேட்சைப் பாருங்கள்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து பற்றி நம்மில் யாருக்கு என்ன கவலை என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஐரோப்பிய லீக்குகளைப் பார்க்கவே தூக்கம் கெடுகிறது, இதில் இது வேறயா! ஆனால் 2024இல் வெர்மான்ட் பல்கலைக்கழகத்து ஆண்கள் அணி ஆடிய சீசனை, வீட்டில் பந்தை உதைக்கிற பையன் இருக்கும் ஒவ்வொரு தகப்பனும் ஒருமுறை தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் கட்சி. அவர்கள் கோப்பை வாங்கியதால் இதைச் சொல்லவில்லை. கோப்பைக்கு முன்னால் இருந்த நாலு மாதத்துக்காகச் சொல்கிறேன்.

முதலில் கதைச் சுருக்கம்.

வெர்மான்ட் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், கனடாவை ஒட்டிய சின்ன மாநிலம். மொத்த ஜனத்தொகையே ஆறரை லட்சத்தைத் தாண்டாது. மதுரை மாநகருக்குள் இதைவிட அதிகம் பேர் இருக்கிறோம். பல்கலைக்கழகம் இருப்பது பர்லிங்டன் என்ற ஏரிக்கரை ஊரில். குளிர் ஊர். 2024 வரை இவர்கள் வாங்கிய தேசியப் பட்டங்கள் எல்லாம் பனிச்சறுக்கில்தான். பணம் கொட்டிக் கிடக்கிற இடமும் இல்லை. 2009இல் செலவைக் குறைக்க பேஸ்பால், சாஃப்ட்பால் இரண்டு அணிகளையும் கலைத்தவர்கள்.

அமெரிக்கக் கல்லூரிகளின் முதல் பிரிவில் ஆண்கள் கால்பந்து ஆடுகிற கல்லூரிகள் இருநூறுக்குச் சற்று மேலே. அவற்றில் 48 அணிகள் இறுதிச் சுற்றுப் போட்டிக்குப் போகும். 16 அணிகளுக்குத் தர வரிசை கொடுப்பார்கள். வெர்மான்ட்டுக்கு 2024இல் அந்த வரிசையில் இடமே இல்லை. அயோனா, ஹாஃப்ஸ்ட்ரா, சான் டியேகோ என்று ஒவ்வொன்றாகத் தாண்டி, காலிறுதியில் பிட்ஸ்பர்க்கை வென்று, அரையிறுதியில் டென்வரை பெனால்டி உதையில் முடித்து, இறுதிக்கு வந்தார்கள்.

டிசம்பர் 16, 2024. வட கரோலைனா மாநிலத்துக் கேரி நகரம். எதிரே மார்ஷல் பல்கலைக்கழகம், 2021 மே மாதம் இதே ஊரில் பட்டம் வாங்கியவர்கள். இரண்டாம் பாதியில் மார்ஷலின் தாரிக் பான்ஹோல்ட்ஸர் கோல் போட்டார். 81ஆவது நிமிடத்தில் வெர்மான்ட்டின் மார்செல் பாப் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில், 95ஆவது நிமிடம், பின்னாலிருந்து வந்த நீண்ட பந்தைத் துரத்திக்கொண்டு ஓடிய மாக்ஸிமிலியன் கிஸல் கோல்கீப்பரைச் சுற்றிக்கொண்டு போய்க் காலி வலைக்குள் தள்ளினார். 2-1. கால்பந்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் தேசியப் பட்டம். பயிற்சியாளர் ராப் டௌ.

கதை முடிந்தது. இனி கணக்கு. (பேங்க்காரன் கணக்கு பார்க்காமல் எப்படி விடுவது? :-))

அந்த சீசன் முடிவில் அவர்கள் கணக்கு: 16 வெற்றி, 2 தோல்வி, 6 டிரா. மொத்தம் 24 ஆட்டம். ஆகஸ்ட் கடைசியில் ஆரம்பித்து டிசம்பர் நடுவில் முடிந்தது. ஏறத்தாழ ஐந்து நாளைக்கு ஒரு மேட்ச்.

இப்போது நம் பக்கம் வருவோம். நம் நாட்டில் ஒரு கல்லூரி மாணவன் கால்பந்து ஆடினால் அவனுக்கு என்ன கிடைக்கிறது? கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி, பெரும்பாலும் நாக்-அவுட். அதில் நன்றாக ஆடினால் பல்கலைக்கழக அணியில் இடம். அங்கிருந்து மண்டலப் போட்டி. நாட்டை நான்கு மண்டலமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அதிலும் ஆரம்பச் சுற்றுகள் நாக்-அவுட். ஒரே ஒரு நாள் காலை, தெரியாத ஊரில், இரண்டு இரவு ரயில் பயணத்துக்குப் பிறகு, ஒரு கோல் வாங்கினால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். அந்த வருஷம் முடிந்தது. பல கல்லூரிகளில் ஒரு பையன் மூன்று வருஷப் படிப்பு முழுக்க ஆடுகிற போட்டி ஆட்டங்களைக் கூட்டினாலும், வெர்மான்ட் பையன் ஒரே இலையுதிர் காலத்தில் ஆடிய 24ஐத் தொடுவது கஷ்டம்.

இங்கேதான் என் வாதம். நாம் நம் பிள்ளைகளுக்கு டோர்னமெண்ட் கொடுக்கிறோம், சீசன் கொடுப்பதில்லை. இரண்டும் ஒன்றல்ல.

டோர்னமெண்ட் என்பது பரீட்சை மாதிரி. அன்றைக்கு எழுதினதுதான் மார்க். நம் வீடுகளில் இந்த வாழ்க்கைமுறை நன்றாகப் பழகிவிட்டது. பிளஸ் டூ, நுழைவுத் தேர்வு, கேம்பஸ் இன்டர்வியூ எல்லாமே நாக்-அவுட்தான். விளையாட்டாவது வேறு பாடம் சொல்லித் தரக்கூடாதா?

சீசன் வேறு பாடம் சொல்லும். சனிக்கிழமை தோற்றால் புதன்கிழமை அடுத்த மேட்ச் இருக்கிறது. அழுது முடிக்க நேரம் இல்லை, ஜெயித்த திமிரில் திரியவும் நேரம் இல்லை. ஆறு டிரா என்பதைக் கவனியுங்கள். ஜெயிக்கவும் முடியாமல், தோற்கவும் இல்லாமல் வீடு திரும்பிய ஆறு நாட்கள். (அரையிறுதி பெனால்டி ஆட்டமும் கணக்கில் டிராதான்.) வேலைக்குப் போன பிறகு நம் நாட்களில் பெரும்பகுதி அந்த மாதிரிதானே? பதினோரு பேரில் இடம் கிடைக்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பையன், மூன்றாவது வாரம் இன்னொருவன் காலில் அடிபட்டதும் உள்ளே வருகிறான். நாக்-அவுட்டில் அந்த மூன்றாவது வாரமே கிடையாது. அவன் பெஞ்சிலேயே பட்டம் வாங்கிப் போய்விடுவான்.

"எல்லாம் சரி சார், படிப்பு?" என்பீர்கள். கேட்கவேண்டிய கேள்வி.

அங்கே விதி என்ன என்று பார்ப்போம். சீசன் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம், ஒரு நாளைக்கு 4 மணி நேரத்துக்கு மேல் பயிற்சியாளர் வேலை வாங்கக்கூடாது. வாரம் ஒரு நாள் கட்டாய ஓய்வு. அதோடு மூன்றாம் வருஷம் ஆரம்பிக்கும்போது பட்டப்படிப்பில் 40 சதவீதம், நான்காம் வருஷம் ஆரம்பிக்கும்போது 60 சதவீதம் முடித்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் களத்தில் இறங்க முடியாது. எவ்வளவு பெரிய ஸ்டாராக இருந்தாலும் சரி.

இதை அப்படியே தேனும் பாலும் என்று நான் விற்க மாட்டேன். மேட்ச் நாள் எவ்வளவு நீண்டாலும் கணக்கில் 3 மணி நேரம்தான். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் நேரம் கணக்கிலேயே வராது. ஆகவே உண்மையான உழைப்பு இருபதுக்கு மேலேதான் போகும். ஆனாலும் ஒரு விதி இருக்கிறது, அதைச் சொல்லிப் பையன் மறுக்கலாம், பெற்றவர் கேட்கலாம். நம் பையன்களை நாம் அனுப்புகிற நுழைவுத் தேர்வு கோச்சிங் வகுப்புக்கு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று விதி உண்டா? கட்டாய ஓய்வு நாள் உண்டா? ஞாயிறு காலையில் டெஸ்ட் வைக்கிறவர்களிடம் நாம் வாய் திறப்பதில்லை. பந்து என்று வந்தால் மட்டும் "படிப்பு கெடும்" என்கிறோம்.

அடுத்தது, நான் இதை எழுத உட்கார்ந்ததன் முக்கியக் காரணம். பெரிய நகரங்களில் மொட்டை மாடியில் கூட செயற்கைப் புல் விரித்து அகாடமி நடத்துகிறார்கள். கூடவே "அமெரிக்காவில் கால்பந்து ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறோம்" என்று ஆட்களும் வந்துவிட்டார்கள். வீடியோ எடுக்க ஒரு கட்டணம், பயிற்சியாளர்களுக்கு மெயில் அனுப்ப ஒரு கட்டணம். கிஸல் ஜெர்மன்காரர்தானே, வெளிநாட்டுப் பையன்களை எடுக்கிறார்கள்தானே என்பார்கள். எடுக்கிறார்கள், உண்மைதான். ஆனால் ஸ்காலர்ஷிப் என்ற சொல்லைக் கேட்டதும் நம் ஆட்கள் முழுச் செலவும் இலவசம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

பல காலமாக முதல் பிரிவு ஆண்கள் கால்பந்து அணி ஒன்றுக்கு அனுமதிக்கப்பட்ட முழு ஸ்காலர்ஷிப் 9.9தான். முப்பது பேர் இருக்கிற அணியில் அதைச் சமமாகப் பங்கு போட்டால் தலைக்கு மூன்றில் ஒரு பங்கு. 2025 ஜூனில் வந்த நீதிமன்ற உடன்பாட்டுக்குப் பிறகு அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு இந்த உச்சவரம்பு போய்விட்டது. பதிலாக அணியில் 28 பேர் மட்டுமே என்று வரம்பு வந்திருக்கிறது. வரம்பு போனால் பணம் வந்துவிடும் என்று அர்த்தமில்லை. பெரும்பணம் அங்கே அமெரிக்கன் ஃபுட்பாலுக்கும் கூடைப்பந்துக்கும்தான் போகிறது. மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளிலும் ஐவி லீக்கிலும் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பே கிடையாது.

ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். எல்லாச் செலவும் சேர்ந்து ஆண்டுக்கு 60,000 டாலர். மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி, மீதி 40,000. டாலருக்கு 90 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 36 லட்சம். நாலு வருஷத்துக்கு 1 கோடியே 44 லட்சம். கல்விக் கடனில் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் பொதுவாக ஈடு கேட்போம். ஊரில் அப்பா கட்டிய வீட்டுப் பத்திரம்தான் வரும். படிக்கிற காலத்துக்கு ஈ.எம்.ஐ. இல்லை என்பார்கள், ஆனால் வட்டி தூங்காது. பல இடங்களில் ஸ்காலர்ஷிப்பை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். முழங்கால் போனாலோ கோச் மாறினாலோ என்ன ஆகும் என்று ஏஜென்ட் சொல்ல மாட்டார், கடிதத்தில் நீங்கள்தான் தேடிப் படிக்க வேண்டும்.

ஆகவே பந்துக்காகப் பத்திரத்தை வைக்காதீர்கள். அந்தக் கல்லூரியில் அந்தப் படிப்புக்கே பையன் போகத் தகுதியும் வசதியும் இருந்தால், பந்து கூடுதல் லாபம். அவ்வளவுதான்.

அப்படியானால் நமக்கு என்ன வழி? ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கிற நம் குடும்பங்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு ஒரு டிரான்ஸ்ஃபர். புது ஊர், புது பாஷை, புதுப் பள்ளி. அணியில் இடம் பிடிக்க ஒரு வருஷம் ஆகும், பிடித்ததும் அப்பாவுக்கு ஆர்டர் வரும். கல்லூரிதான் நம் பிள்ளைகள் மூன்று நாலு வருஷம் ஒரே இடத்தில் வேர் விடுகிற முதல் சந்தர்ப்பம். அங்கே ஒரு அணி கிடைத்தால் "உனக்கு எந்த ஊர்?" என்ற கேள்விக்கு முதல் தடவையாகத் தடுமாறாமல் பதில் சொல்வான்.

அதனால் கல்லூரி தேடும்போது பிளேஸ்மென்ட், ஹாஸ்டல் சாப்பாடு விசாரிப்பதோடு இந்த மூன்றையும் கேளுங்கள். போன வருஷம் உங்கள் அணி எத்தனை மேட்ச் ஆடியது? (கோப்பை அலமாரியைக் காட்டுவார்கள், அது பதில் இல்லை.) ஊரின் டிவிஷன் லீக்கில் கல்லூரி அணி ஆடுகிறதா, அல்லது பையன் ஒரு உள்ளூர் கிளப்பில் ஆட அனுமதி உண்டா? ஆட்டத்துக்காகத் தவறிய தேர்வை மறுபடி எழுத வழி இருக்கிறதா? பெண் பிள்ளைகளுக்கும் இதே மூன்று கேள்விதான், இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்க வேண்டியிருக்கும்.

ஒரு காலத்தில் கல்லூரியில் நன்றாக ஆடினால் வங்கியில் வேலை என்ற நம்பிக்கை இருந்தது. தேசிய லீக்கில் இந்தியன் வங்கி, ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர் என்று வங்கி அணிகளே ஆடின. இந்திய அணித் தலைவராக இருந்த வி.பி.சத்யன் சென்னையில் இந்தியன் வங்கியில் வேலை பார்த்தவர். திருவாங்கூர் வங்கி 2017இல் ஸ்டேட் பேங்கோடு இணைந்து போனது. அந்தக் கதவை நம்பி இன்றைக்கு ஒரு பையனை ஆடச் சொல்ல முடியாது. சரி, வேலைக்காக வேண்டாம், ஸ்காலர்ஷிப்புக்காகவும் வேண்டாம். பிறகு எதற்கு?

ஒரு கூட்டத்தோடு நாலு மாதம் தோற்று, ஜெயித்து, சமன் செய்து, மறுபடி புதன்கிழமை பூட்ஸ் கயிறு கட்டுவதற்கு. வெர்மான்ட் அணியிலும் பெரும்பாலானவர்கள் நாளைக்கு ஏதோ ஓர் ஆபீஸில்தான் உட்காரப் போகிறார்கள், நம் பிள்ளைகள் மாதிரியே. அவர்கள் கையில் 24 ஆட்டம் இருக்கும். நம் பிள்ளைகளுக்கு ஒரு பன்னிரண்டாவது இருக்கட்டுமே.