பூர்விகத் துப்பாக்கியும் புது மெருகும்

பழைய ஜமீன் மாளிகைகளிலும் சமஸ்தான அரண்மனைகளிலும் இங்கிலாந்தில் செய்த இரட்டைக்குழல் துப்பாக்கிகள் இன்னும் இருந்து வருகின்றன. அவற்றின் மதிப்பு உடையவர்களுக்குத் தெரிவதில்லை; வாங்க வரும் வியாபாரிக்கோ நன்றாகத் தெரியும். இந்த வித்தியாசத்தால் விளையும் நஷ்டம் சிறிதன்று.

விஷயம் அற்பமென்று கருதுவோர் 2019-ம் வருஷத்து ஆயுதச் சட்டத் திருத்தத்தைக் கவனிக்க வேண்டும். முன்பு ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வைத்துக்கொள்ளலாம்; இப்பொழுது இரண்டுதான். பாட்டன் சொத்தாக வந்தாலும் இந்த வரம்பைக் கடக்கக் கூடாது. மிகுந்ததை ஒரு வருஷத்துக்குள் போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்கும்படி விதி ஏற்பட்டது. அப்படி ஒப்படைத்ததை லைசென்ஸ் உள்ள வேறொருவருக்கு விற்றுப் பணம் பெறச் சட்டம் இடங்கொடுக்கிறது. குறித்த கெடுவுக்குள் விற்காவிட்டால் பொருள் சர்க்காரைச் சேரும். 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தால் வேட்டை நின்றுவிட்டது, நின்றது நல்லதே. அதே வருஷத்தில் ஏற்பட்ட தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் கடந்த அரும்பொருளைத் தனி மனிதர் அந்நிய நாட்டுக்கு அனுப்ப இயலாது. ஆகவே லண்டன் ஏலத்து விலை நம்மவர் காதால் கேட்பதற்கு மட்டுமே உதவும். சிலருக்குள்ளே, கெடு முடியுமுன், விற்றாக வேண்டும். அவசரத்தில் இருப்பவன் பொருளுக்கு வாங்குகிறவனே விலை வைக்கிறான்.

1878-ல் லிட்டன் பிரபுவின் ஆட்சியில் வந்த ஆயுதச் சட்டம் இந்தியரைக் கட்டுப்படுத்தி, ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. அந்நாளில் உயர்ந்த துப்பாக்கி வைத்திருந்த இந்தியர் பெரும்பாலும் ஆள்வோரின் தயவுக்குப் பாத்திரமானவர்களே. இதை மறைப்பதற்கில்லை. ஆயினும் எவ்வழியில் வந்த பொருளானாலும் தொழிலாளியின் கைத்திறன் கைத்திறன்தான். அதை அடிமாட்டு விலைக்கு விடுவதால் பழைய அநீதி தீர்ந்துவிடாது.

வியாபாரி முதலில் பேசுவது கம்பெனியின் பெயரை. பர்டி, ஹாலண்ட், வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்றதும் உடையவர் மனம் குளிர்ந்துவிடுகிறது. பெயர் மட்டும் போதாது. துப்பாக்கியில் பொறித்த நம்பரைக் கொண்டு, அது எந்த வருஷம், யாருக்காக, எத்தனை அங்குலக் குழலுடன் செய்யப்பட்டதென்று இந்தக் கம்பெனிகளின் பழைய கணக்குப் புத்தகங்களில் தேடிப் பார்க்கலாம். அக்கடிதம் கைக்கு வருமுன் விலை பேசுவது கண்ணைக் கட்டிக்கொண்டு பேசுவதாகும். 1, 2 என்று எண்ணிட்டு ஜோடியாகச் செய்தவையும் உண்டு. சகோதரர் இருவர் பாகப்பிரிவினையில் ஆளுக்கொன்றாக அவற்றை எடுத்துக்கொண்டால் இருவருமே நஷ்டமடைகிறார்கள். ஜோடியின் விலையில் பாதிகூட ஒற்றைக்குக் கிடைப்பது அரிது.

இனி மெருகு விஷயம். இங்கேதான் ஏமாற்றம் மிகுதி. துரு தின்ற குழலின் உட்புறத்தைத் தேய்த்தால் கண்ணாடி போலப் பளபளக்கும்; ஆனால் தேய்த்த அளவுக்குச் சுவர் மெலிந்து போகும். ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் 20 பங்குக்குக் கீழே சுவர் மெலிந்த குழலைத் தொழில் தெரிந்தவர்கள் சந்தேகத்துடனேயே பார்ப்பார்கள். இங்கிலாந்தில் லண்டனிலும் பர்மிங்ஹாமிலும் குழல்களைச் சோதித்து முத்திரையிடும் ஸ்தாபனங்கள் இருக்கின்றன. பர்மிங்ஹாம் ஸ்தாபனம் 1813-ல் ஏற்பட்டது. முத்திரை காட்டும் அளவுக்கு மேல் விரிந்துபோன குழலை அங்கே விற்பது குற்றம். அந்தச் சட்டம் நமது நாட்டில் செல்லாது. ஆகவே அளவுகோலை வைத்து அளந்து பார்க்கும் பொறுப்பு வாங்குவோரையும் விற்போரையுமே சேர்ந்தது.

கட்டையை உப்புக்காகிதத்தால் தேய்த்துப் புதுப்பித்திருந்தால் விரலால் தடவியே அறியலாம்: மரம் தாழ்ந்து இரும்பின் விளிம்பு மேலே நிற்கும். பூட்டுத் தகட்டில் தேய்ந்துபோன சித்திர வேலையை மறுபடி வெட்டியிருந்தால் கோடுகள் ஆழமாயும் உயிரற்றும் தோன்றும். பழுது பார்ப்பதே தவறென்று நாம் சொல்லவில்லை. தளர்ந்த பூட்டை இறுக்குவதும், வெடித்த கட்டையை ஒட்டுவதும் அவசியமான வேலைகள். தேர்ந்த கையால் செய்து, செய்த வேலைக்குப் பில்லும் இருந்தால், கவனிப்பாரற்றுக் கிடந்த துப்பாக்கியைவிட அதற்கு அதிக விலை தருவது நியாயமே. ஆனால், கைபடாமல் காப்பாற்றி வந்ததற்கு அது ஈடாகாது. செய்த வேலையைச் சொல்லாமல், புதிதுபோல் இருக்கிறதென்று புகழ்ந்து விற்பவன் வாங்குகிறவனை வஞ்சிக்கிறான். அந்த வஞ்சகத்தில் உயிருக்கும் அபாயம் உண்டு. பழைய இங்கிலீஷ் துப்பாக்கிகளில் பல இரண்டரை அங்குலத் தோட்டாவுக்காகச் செய்தவை. அவற்றில் இந்நாளைய நீண்ட தோட்டாவைப் போட்டுச் சுடுவது ஆபத்து.

மெருகைவிடக் காகிதத்துக்கு மதிப்பு அதிகம் என்பதற்கு ஒரு திருஷ்டாந்தம். அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த தியோடர் ரூஸ்வெல்ட், 1909-ல் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோன பாக்ஸ் துப்பாக்கி 2010-ல் ஏலத்தில் 862,500 டாலருக்குப் போயிற்று. இன்னாருடையது என்று ருசுப்படுத்த முடிந்ததனாலேயே அந்த விலை. நமது வீடுகளிலோ பழைய லைசென்ஸ் புத்தகங்களும் கல்கத்தா மாண்டன், ராடா கம்பெனிகளின் பில்களும் குப்பையோடு போகின்றன. 1914-ல் வங்காளப் புரட்சிக்காரர்கள் 50 மௌசர் பிஸ்டல்களைக் கடத்திச் சென்றார்களே, அதே ராடா கம்பெனிதான்! அதன் சீட்டு ஒட்டிய பெட்டியைத் தூர எறிகிறவர் பணத்தோடு சரித்திரத்தையும் எறிகிறார்.

சர்க்கார் செய்ய வேண்டியதும் ஒன்றுண்டு. பறிமுதலான ஆயுதங்களை அழிக்குமுன் மியூஸியத்தைச் சேர்ந்த ஒருவர் அவற்றைப் பார்வையிட வேண்டும். ஒப்படைக்கும் இடத்தில் கொடுக்கும் ரசீதில் ‘பழைய துப்பாக்கி ஒன்று’ என்று எழுதினால் போதாது. கம்பெனியின் பெயர், நம்பர், குழலின் நீளம், பொருளின் நிலை ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். இவை இல்லாத ரசீதில் உடையவர் கையெழுத்திட மறுக்கலாம், மறுக்கவும் வேண்டும்.