நியூட்டன் விதியும் தலைகீழ் மரமும்

கல்லூரியில் முதலாண்டு இயற்பியல் வகுப்பு. நியூட்டனின் இரண்டாம் விதியைக் கரும்பலகையில் ஆங்கிலத்தில் எழுதினேன்: ‘தி ரேட் ஆஃப் சேஞ்ச் ஆஃப் மொமென்டம் ஆஃப் எ பாடி இஸ் புரொபோர்ஷனல் டு தி ஃபோர்ஸ் ஆக்டிங் ஆன் இட்.’ விசைக்கு நேர்விகிதத்தில் இருப்பது எது என்று கேட்டேன். பள்ளியில் தமிழ்வழியில் படித்த ஒரு மாணவர் தயங்காமல், “பாடி, சார்” என்றார். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ‘பாடி’க்கு அடுத்துத்தானே ‘இஸ் புரொபோர்ஷனல்’ என்று இருக்கிறது!

மாணவர்களே, வாக்கியம் என்பது நூலில் கோத்த மணிவரிசை அன்று. அது ஒரு மரம். வேரை மேலேயும் கிளைகளைக் கீழேயும் வைத்து வரைய வேண்டும். முதல் விதி: வாக்கியம், பெயர்த்தொடர் ஒன்றாகவும் வினைத்தொடர் ஒன்றாகவும் பிரியும். நம் வாக்கியம் ‘இஸ்’ என்பதற்கு முன்னால் பிரிகிறது. இடப்பக்கக் கிளையின் தலைமைச் சொல் ‘ரேட்’. அதிலிருந்து ‘ஆஃப் சேஞ்ச்’ தொங்குகிறது; அதிலிருந்து ‘ஆஃப் மொமென்டம்’; அதற்கும் கீழே ‘ஆஃப் எ பாடி’. ஒரு பெயர்த்தொடருக்குள் இன்னொரு பெயர்த்தொடர் இருக்கலாம் என்ற ஒரே விதிதான் இத்தனை கிளைகளையும் வளர்க்கிறது. தாளில் பக்கத்து வீட்டுக்காரர்களான ‘பாடி’யும் ‘இஸ்’ஸும் மரத்தில் தூரத்து உறவினர். ‘இஸ்’ஸுக்கு உரிய எழுவாய் ‘ரேட்’.

அந்த மாணவர் தவறியதற்குத் தமிழ்ப் பழக்கமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். ‘பொருளின் உந்தத்தின் மாற்ற வீதம்’ என்கிறோம். தலைமைச் சொல்லாகிய ‘வீதம்’ கடைசியில் வருகிறது. ஆங்கிலத்தில் அது முதலிலேயே வந்துவிடுகிறது. கடைசிப் பெயரைப் பிடித்துக்கொள்வது நமக்கு இயல்பு.

வாக்கியத்தைப் படமாக்குவது புதிதன்று. அமெரிக்காவில் ரீட், கெல்லாக் என்ற இரு ஆசிரியர்கள் 1877-இல் வெளியிட்ட ஆங்கில இலக்கண நூலில் கோட்டுப்படங்கள் உண்டு. 1957-இல் நோம் சாம்ஸ்கியின் நூல் வந்தபின் இந்த மரப்படம் மொழியியலில் பெரிதும் பரவியது. ‘ஐ சா தி மேன் வித் தி டெலஸ்கோப்’ என்ற வாக்கியத்துக்கு இரண்டு மரங்கள் வரையலாம். தொலைநோக்கி ஒன்றில் என் கையில் இருக்கும். மற்றொன்றில் அந்த மனிதர் கையில்!

பள்ளியில் செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றப் பலமுறை பயிற்சி தருகிறோம். எந்தச் சொல் எதனோடு சேரும் என்று கேட்பதே இல்லை. ஆங்கில ஆசிரியரை மட்டும் குறைசொல்லவில்லை. விதியை எழுதிவிட்டு உடனே கணக்குக்குத் தாவும் என் போன்றவர்களுக்கும் பங்குண்டு. ஆங்கிலத்துறை நண்பர் ஒருவர், “மொழி பேசிப் பேசித்தான் வரும், மரம் வரைந்து வராது” என்கிறார். பேச்சுக்கு அது சரி. ஆனால் இரண்டாம் விதியைப் போல யார் பேசுகிறார்கள்? ‘மொமென்டம்’ என்றால் என்னவென்று மரம் சொல்லாது என்பதும் உண்மையே. ஆயினும் விசைக்கு நேர்விகிதத்தில் இருப்பது உந்தமே என்று படித்துவிட்டவர், விசை நின்றால் இயக்கமும் நின்றுவிடும் என்றுதான் நம்புவார். இலக்கணப் பிழை இயற்பியல் பிழையாகிவிடும். ஆகவே பத்தாம் வகுப்பிலேயே, அறிவியல் பாட வாக்கியங்களைக் கொண்டே, மரம் வரையக் கற்பிக்க வேண்டும் என்பேன்.

அடுத்த வாரம் ஆர்க்கிமிடீஸ் தத்துவத்துக்கு வந்தோம். ‘தி வெயிட் ஆஃப் தி ஃப்ளூயிட் டிஸ்பிளேஸ்டு பை தி பாடி’ என்று எழுதினேன். அதே மாணவர் எழுந்து, “சார், ‘டிஸ்பிளேஸ்டு’ என்பதை ‘வெயிட்’டில் தொங்கவிடுவதா, ‘ஃப்ளூயிட்’டில் தொங்கவிடுவதா?” என்றார். இம்முறை யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் குனிந்து வரையத் தொடங்கினார்கள். நீங்களும் வரைந்து பாருங்கள்.