பக்கத்துக் கட்டடத்தின் சிக்னல்

நொய்டாவில் எங்கள் சிறிய அலுவலகம் இருக்கும் கட்டடத்துக்கு ஆறு மாடிகள். பூமிக்குக் கீழே கார் நிறுத்த இரண்டு தளங்கள். முகப்பு முழுக்க நீலக் கண்ணாடி. வாடகை பேச வந்த அன்று அந்தக் கண்ணாடியைப் பார்த்து மயங்கியவர்கள் யாரும் செல்போனை எடுத்து ஒரு முறை பேசிப் பார்க்கவில்லை. நானும்தான்.

குடிவந்த பிறகு தெரிந்தது. ஜன்னலோரம் நின்றால் பேச்சு கேட்கும். நாலு எட்டு உள்ளே வைத்தால் அறுந்துவிடும். தரைத்தளத்து ஜெராக்ஸ் கடைக்காரர் யூபிஐ பணம் வந்ததா என்று பார்க்க ஒவ்வொரு முறையும் வாசலுக்கு ஓடுவார். இதையெல்லாம் கேலி பேசியே சமாளித்தோம். ஒரு பிற்பகலில் இரண்டாம் கீழ்த்தளத்தில் ஒரு டிரைவருக்கு நெஞ்சுவலி வந்தது. உடன் இருந்தவர் 112-ஐ அழைத்துப் பார்த்தார். போகவில்லை. போனை உயர்த்திப் பிடித்தபடி, கார் இறங்கும் சரிவில் இரண்டு தளம் மேலே ஓடி வந்துதான் ஆம்புலன்சைக் கூப்பிட முடிந்தது. டிரைவர் பிழைத்துவிட்டார். ஆனால் அதன் பிறகு கேலி நின்றுபோயிற்று.

அடுத்த வாரமே வாடகைதாரர்கள் கூட்டம் போட்டோம். "மொட்டை மாடியில ஒரு ஆன்டெனா, உள்ளே நாலு ஆன்டெனா, நடுவில ஒரு பெட்டி. அவ்வளவுதான்" என்று இந்தியில் அடித்துப் பேசினார் ஒரு விற்பனையாளர். செலவைப் பங்கு போட்டு பூஸ்டர் வாங்குவது என்று முடிவானது. ஆதரவாகக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

பெட்டி நன்றாகவே வேலை செய்தது, எங்களுக்கு. இரண்டு மாதம் கழித்து ஒரு நாள், கையில் சிறிய ஆன்டெனாவும் அளவுக்கருவியும் வைத்துக்கொண்டு சிலர் தெருவில் நடந்துவந்து எங்கள் மொட்டை மாடியில் வந்து நின்றார்கள். எதிர் வரிசையில் ஒரு பரிசோதனைக்கூடத்துக்கு வாரக்கணக்கில் அழைப்புகள் பாதியில் துண்டித்துக்கொண்டிருந்தன, காரணம் நாங்கள். பெட்டியைக் கழற்றி எடுத்துப் போனார்கள். எழுத்துமூலம் விளக்கமும் கேட்டார்கள்.

சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாகத்தான் இருக்கிறது. உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தவிர வேறு எவரும் பூஸ்டரையோ ரிப்பீட்டரையோ வைத்திருப்பதும், விற்பதும், பயன்படுத்துவதும் சட்டவிரோதம் என்று மத்திய தொலைத்தொடர்புத் துறை 2022 ஜூலையில் பொதுமக்களுக்கு அறிவுறுத்தியது. வயர்லெஸ் கருவி வைத்திருக்க அனுமதி வேண்டும் என்பது 1933-ம் ஆண்டுச் சட்டத்திலேயே உண்டு. 2023-ல் வந்த தொலைத்தொடர்புச் சட்டமும் இதைக் கைவிடவில்லை. கடையில் கிடைக்கிறது, ரசீது தருகிறார்கள் என்பதெல்லாம் அனுமதி ஆகாது. எந்த பூஸ்டர் சிறந்தது என்று நீங்கள் தேடிப் படிக்கும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை அமெரிக்காவுக்கானவை. அங்கே 2013-ல் வந்த விதிகளின்படி, அங்கீகரித்த கருவியைத் தொலைபேசி நிறுவனத்திடம் பதிவு செய்துவிட்டு வாடிக்கையாளரே வைத்துக்கொள்ளலாம். இங்கே அந்த வழி இல்லை.

ஏன் இத்தனை கெடுபிடி? கல்யாண மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் காதைக் கிழிக்கும் ஒரு ஊளை கேட்குமே, அதேதான். மாடியில் இருக்கும் ஆன்டெனாவும் உள்ளே இருக்கும் ஆன்டெனாவும் ஒன்றையொன்று 'கேட்கும்' அளவுக்கு நெருங்கியிருந்தால், பெட்டி தன் குரலையே திரும்பத் திரும்பப் பெருக்கி ஊளையிடும். நம் காதுக்குக் கேட்காது, டவருக்குக் கேட்கும். ஊளையிடாவிட்டாலும் தொல்லை உண்டு. டவர் அருகே இருக்கும்போது உங்கள் செல்போன் தன் குரலைத் தானே தாழ்த்திக்கொள்ளும். மலிவான பூஸ்டருக்கு அந்த நாகரிகம் தெரியாது. டவரின் காதில் ஓயாமல் இரைச்சலை ஊற்றிக்கொண்டே இருக்கும். தூரத்திலிருந்து மெல்லிய குரலில் பேசுபவர் அந்த இரைச்சலில் அமுங்கிப்போவார். எதிர் வரிசையில் நடந்தது இதுதான் என்று, வந்தவர்களில் ஒரு இளைஞர் பொறுமையாக விளக்கினார். கூட்டத்தில் கை தூக்கும் முன் எங்களில் ஒருவராவது இதைக் கேட்டிருக்கலாம்.

ஆக, நம் ஊரில் பெட்டியைத் தேர்ந்தெடுப்பது உங்கள் வேலை அல்ல. உங்கள் குறை என்ன என்று அளந்து சொல்வதுதான் உங்கள் வேலை. அதற்குத் திரையில் தெரியும் கோடுகளை நம்பாதீர்கள். ஒவ்வொரு கம்பெனி போனும் தன் இஷ்டத்துக்குக் கோடு போடும். ஆண்ட்ராய்டு போனில் 'அபவுட் போன்' பகுதியில் சிம் நிலையைத் திறந்தால் சிக்னல் பலம் மைனஸ் எண்ணாகத் தெரியும். மைனஸ் 80 என்றால் நல்லது, மைனஸ் 110 என்றால் மோசம். வித்தியாசம் 30 தானே என்று நினைக்க வேண்டாம். டெசிபல் கணக்கில் ஒவ்வொரு பத்தும் பத்து மடங்கு. முப்பது என்றால் ஆயிரம் மடங்கு. மொட்டை மாடி, ஒவ்வொரு தளத்தின் நடுப்பகுதி, மாடிப்படி, லிஃப்ட், கீழ்த்தளம் என்று எல்லா நிறுவன சிம்களையும் போட்டு எழுதி வையுங்கள். எங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதுமானதாக இருந்தது.

அந்தத் தாளே பாதி வைத்தியம். மாடியில் நல்ல பலம், உள்ளே இல்லை என்றால் குற்றவாளி கட்டடம். வெயிலைத் தடுக்கக் கண்ணாடியில் பூசும் மெல்லிய உலோகப் படலம் அலைகளையும் தடுக்கும். கம்பி கட்டிய கான்கிரீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. 5ஜி-க்குப் பரவலாகப் பயன்படும் 3300 மெகாஹெர்ட்ஸ் அலை, 900 மெகாஹெர்ட்ஸ் அலையைப்போல் சுவரைத் துளைத்து வராது. மாடியிலேயே பலம் இல்லை என்றால் எந்த ரிப்பீட்டரும் உதவாது. இல்லாததை எதைக் கொண்டு பெருக்குவது? பலம் நன்றாக இருந்தும் மதிய வேளையில் மட்டும் இன்டர்நெட் தவழ்கிறதா? அது கூட்ட நெரிசல். அதற்கும் பூஸ்டர் மருந்தல்ல.

இந்தத் தாளோடு தொலைபேசி நிறுவனங்களுக்கு எழுதினோம். சிறிய இடம் என்றால் அவர்களே தங்கள் ரிப்பீட்டரைப் பொருத்திக் கண்காணிப்பார்கள். பெரிய கட்டடம் என்றால் கண்ணாடி இழைக் கேபிளில் சிக்னலைக் கொண்டுவந்து, ஒவ்வொரு தளத்தின் கூரையிலும் கிண்ணம் கவிழ்த்ததுபோல் சிறிய ஆன்டெனாக்கள் வைப்பார்கள். 'இன்-பில்டிங்' ஏற்பாடு என்று பெயர். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இரண்டு விஷயங்களில் பிடிவாதம் பிடியுங்கள். ஒன்று, ஒரே நிறுவனத்துக்குத் தனியுரிமை கொடுக்கக் கூடாது. கேபிள்களும் ஆன்டெனாக்களும் எல்லா நிறுவனங்களும் பகிரக்கூடியதாக இருக்க வேண்டும். கட்டட உரிமையாளருக்குக் கூடுதல் வாடகை ஆசை காட்டி இதைத்தான் முதலில் கேட்பார்கள். மற்றது மின்சாரம். கரண்ட் போனால் ஆன்டெனாக்களும் ஊமையாகிவிட்டால், தீ விபத்து நாளில் அவை இருந்தும் இல்லாததுபோல்தான்.

புதிதாக இடம் தேடுபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. கட்டடங்களின் டிஜிட்டல் இணைப்புக்கு நட்சத்திரத் தரம் வழங்குவதற்கான விதிமுறைகளை டிராய் 2024 அக்டோபரில் வெளியிட்டது. வாடகை பேசும்போது அந்தத் தரச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். உரிமையாளர் விழிப்பார், விழிக்கட்டும்.

எங்கள் கதைக்கு வருகிறேன். நிறுவனங்கள் வரும்வரை வைஃபை மூலம் பேசும் வசதியை எல்லோரும் போனில் இயக்கிவைத்தோம். 2019 டிசம்பர் முதலே இந்தியாவில் உள்ள வசதி இது. பாதிப் பேருக்குத் தெரியவே இல்லை. ரவுட்டரை யூபிஎஸ்ஸில் மாட்டினோம். மேல் தளங்களின் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது. ஆனால் கீழ்த்தளத்துக்கு வரும் வெளியூர் டிரைவருக்கு எங்கள் வைஃபை பாஸ்வேர்டு எப்படித் தெரியும்? அதனால் இரண்டாம் கீழ்த்தளத்துத் தூணில் ஒரு சாதாரணக் கம்பித் தொலைபேசி மாட்டி, மேலே சிவப்பு பெயின்டில் 112 என்று எழுதினோம். அந்தப் பெட்டிக்குக் கொட்டிய பணத்தில் சிறு பங்குகூட ஆகவில்லை. முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

இதுவரை இரண்டு நிறுவனங்கள் வந்து அளந்துவிட்டுப் போயிருக்கின்றன. ஒன்று வேலையைத் தொடங்கிவிட்டது. மூன்றாவதற்கு நினைவூட்டுக் கடிதம் போயிருக்கிறது. ஜெராக்ஸ் கடைக்காரர் அந்த மூன்றாவது நிறுவனத்தின் வாடிக்கையாளர். இன்னும் வாசலுக்கு ஓடிக்கொண்டிருக்கிறார்.