மெயின்ஷீட்டை நகர்த்தும் முன் ஒரு படம் போடுங்க

2018 கோல்டன் குளோப் போட்டியில், தெற்கு இந்தியப் பெருங்கடல் புயலில் அபிலாஷ் டோமியின் படகு உருண்டு, பாய்மரம் உடைந்தது. முதுகெலும்பில் அடிபட்டு, மூணு நாள் கழித்துத்தான் மீட்கப்பட்டார். நடுக்கடலில் மெக்கானிக் கிடையாது. அதனால க்ரூஸிங் படகில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் கரையிலேயே கணக்குப் போட்டுப் பார்க்கணும் என்பது என் கருத்து.

மெயின்ஷீட் என்பது பேரில் ஷீட் இருந்தாலும் ஒரு கயிறுதான். பாயின் அடியில் இருக்கும் 'பூம்' என்ற கம்பத்தை இழுத்துப் பிடிப்பது அதன் வேலை. பழைய படகுகள் பலவற்றில் அதை பூமின் நுனியில் கட்டியிருப்பாங்க. அதை நடுவுக்கு மாற்றி, கேபின் கூரையில் பொருத்துவது பலரும் விரும்பும் மாற்றம். காக்பிட் காலியாகும், வெயிலுக்குத் துணி கட்டலாம், பூம் திடீர்னு மறுபக்கம் வீசும்போது கயிறு கழுத்தில் மாட்டாது. எல்லாமே நியாயமான காரணங்கள்.

இப்ப முதல் வருஷ மெக்கானிக்ஸை ஞாபகப்படுத்துங்க. பூம் 4 மீட்டர், பாய் அதன் நுனியை 2000 நியூட்டன் விசையில் மேலே இழுக்குதுன்னு வைங்க. கயிறு நுனியிலேயே இருந்தால் அதுக்கும் 2000 போதும், பூம் வளைய வேண்டியதே இல்லை. 2 மீட்டரில் கட்டினால்? கயிற்றில் 4000 நியூட்டன். பூமின் நடுவில் 4000 நியூட்டன் மீட்டர் வளைவுத் திருப்புத்திறன். கேபின் கூரையையும் அதே 4000 மேலே பிடுங்கும். பூம் பாய்மரத்தோடு சேரும் மூட்டுக்கு, முன்பு இல்லாத 2000 புதுசா வரும்.

"கப்பியை 4:1-லிருந்து 8:1 ஆக்கினால் போச்சு"ன்னு சொல்வீங்க. கைக்கு வரும் பாரம் பழையபடி ஆகும், சரி. ஆனா பூமும் கூரையும் தாங்கும் பாரம் ஒரு நியூட்டன்கூட குறையாது. உராய்வு வேற கூடும்.

பாய்மரத்தைப் பிடிக்கும் கம்பிகளிலும் இதே கதைதான். 7 மில்லிமீட்டரை 8 ஆக்கினால் கம்பியின் எடை சுமார் 30 சதவீதம் ஏறும், அதுவும் படகின் உச்சியில். கம்பியை உடலோடு இணைக்கும் பட்டைகள் பழசாவே இருந்தால் உடையும் இடம் கீழே இறங்கும், அவ்வளவுதான்.

மாற்றமே வேண்டாம்னு நான் சொல்லலை. மெயின்ஷீட்டை நடுவுக்குக் கொண்டு வரணுமா, தடித்த பூமுக்கும் கூரைக்கு அடியில் போடும் பலகைக்கும் சேர்த்து பட்ஜெட் போடுங்க. அதுக்குப் பணம் இல்லைன்னா, கயிறு நுனியிலேயே இருக்கட்டும். பூம் மறுபக்கம் வீசாமல் முன்பக்கமா இழுத்துக் கட்டும் ஒரு 'ப்ரிவென்டர்' கயிறு போடுங்க, வயசான கம்பிகளை மாத்துங்க. பார்க்கிறவங்க கண்ணுக்கு எதுவும் புதுசா தெரியாது. ஆனா ராத்திரி காத்து ஏறும்போது நீங்க நம்பப்போவது இதைத்தான்.