தங்கத்துக்கு 3 சதவீதம், நம்ம வண்டிக்கு 28 சதவீதம்! வடசென்னைப் பையன் கேட்கும் கணக்கு

"பைக் ரேஸ்" என்று ஒரு செய்தி வந்தால் போதும், உடனே எல்லார் வாயிலும் வருவது ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர். முடிக்குக் கலர் அடிச்ச ஒரு பையன் 150 சிசி வண்டியில் உட்கார்ந்திருந்தால் அவனுக்கு ரெடியா ஒரு பட்டம் இருக்கு: புள்ளிங்கோ. அவன் எங்கே வேலைக்குப் போறான், வண்டிக்கு மாசம் எவ்வளவு தவணை கட்டுறான், எந்த ரோட்டில் உயிரைக் கையில் பிடிச்சுக்கிட்டு ஓட்டுறான் என்று யாரும் கேட்பதில்லை.

நாம கேட்போம். ஏன்னா அவன் நம்ம வீட்டுப் பையன்.

முதலில் ஊரைப் பற்றித் தெரிஞ்சுக்கோங்க. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. தொழிற்சாலை எங்கே? திருவொற்றியூரில். ராணுவம் ஓட்டிய புல்லட் இங்கே செய்தது. பிறகு இங்கிலாந்தில் தாய்க் கம்பெனியே இழுத்து மூடப்பட்டது. அந்தப் பெயர் உலகத்தில் அழியாமல் நின்றது திருவொற்றியூர்த் தொழிலாளியின் கையால். 1960-களில் 'ஃபேன்டாபுலஸ்' என்று 175 சிசி ஸ்கூட்டர்கூட அந்தக் கம்பெனி விட்டது. இன்றைக்கு உற்பத்தி ஒரகடம், வல்லம் வடகால் என்று தெற்கே பரவிவிட்டது. ஆனால் வேர் இங்கே.

டயர்? எம்.ஆர்.எஃப். 1946-ல் பொம்மை பலூன் செய்யும் சின்னக் கொட்டகையாக ஆரம்பித்தது திருவொற்றியூரில்தான். பெட்ரோல்? 1969-லிருந்து மணலியில் சுத்திகரிக்கிறார்கள். லாரி? எண்ணூர் அசோக் லேலண்ட்.

வண்டி, டயர், பெட்ரோல், லாரி எல்லாத்துக்கும் நம்ம மண் வேணும், நம்ம உழைப்பு வேணும். புகையும் சாம்பலும் நமக்கு. ஆனால் அந்த வண்டியில் நம்ம பையன் ஏறி உட்கார்ந்தால் மட்டும் சந்தேகப் பார்வையா?

சரி, இங்கே இரண்டு சக்கரம் யாருக்கு எதுக்கு வேணும்?

காசிமேட்டில் விடியும் முன் மீனை ஏலம் எடுத்து எக்ஸ்எல்லில் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போகிறவருக்கு அது கடை. துறைமுகத்தில் ஒப்பந்த வேலை பார்க்கிறவருக்கு அதுதான் ஷிப்ட் பஸ். வீட்டு வாசலில் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கும் தம்பிக்கு அது முதலீடு. பிள்ளையைப் பள்ளியில் விட்டுட்டு அப்படியே வேலைக்குப் போகும் அக்காவுக்கு ஸ்கூட்டிதான் சுதந்திரம்.

"மெட்ரோ வந்துடுச்சே" என்பார்கள். வந்தது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை வந்தது. அதுக்கு மேலே? புறநகர் ரயில் இருக்கு, மறுக்கல. ஆனால் அத்திப்பட்டில் இறங்கினவன் அனல் மின் நிலையத்துக்கும் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கும் எப்படிப் போவான்? ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு எப்படி வீடு திரும்புவான்? நடந்தா?

2023 டிசம்பர் 26 நள்ளிரவை எண்ணூர் மக்கள் மறக்க மாட்டார்கள். பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தது. மூச்சுத் திணறி, கண் எரிந்து, தூக்கத்தில் இருந்த பிள்ளைகளை வாரிக்கொண்டு ஊரே ஓடியது. அந்த நேரத்தில் நம்ம மக்களுக்குக் கைகொடுத்தது கையில் கிடைத்த வண்டிதான். ஆபத்துக்கு வாசலில் நிற்கும் ஒரே வாகனம் அதுதான் தோழர்களே. அதை ஆடம்பரம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

மத்திய அரசுக்கு வந்தது!

2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தது. இருசக்கர வாகனத்துக்கு 28 சதவீதம். அப்போது இருந்த அடுக்குகளிலேயே உச்ச அடுக்கு. அதே ஜிஎஸ்டியில் தங்கத்துக்கு எவ்வளவு தெரியுமா? 3 சதவீதம். நம்ம வீட்டில் வண்டி எப்படி வாங்குகிறோம்? அம்மா கழுத்தில் கிடப்பதை அடகு வைத்துத்தானே முன்பணம் கட்டுகிறோம்? அந்தச் சங்கிலிக்கு 3 சதவீதம். அதை அடகு வைத்து வாங்கும் வண்டிக்கு 28 சதவீதம். இந்தக் கணக்கைப் போட்டவர் எவரும் வண்டி வாங்க நகையை அடகு வைத்திருக்க மாட்டார்.

2025 செப்டம்பர் 22-ல்தான் 350 சிசி வரைக்கும் 18 ஆகக் குறைத்தார்கள். குறைத்துவிட்டு "பண்டிகைப் பரிசு" என்று விளம்பரம்! வரிக்கு முன் 80,000 ரூபாய் விலையுள்ள வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 28 சதவீதம் என்றால் 22,400 ரூபாய் வரி. 18 சதவீதம் என்றால் 14,400. ஒரு வண்டிக்கு 8,000 ரூபாய் வித்தியாசம். எட்டு வருஷத்துக்கும் மேல் இப்படி வாங்கினார்களே, அது பரிசா, பாக்கியா?

மாநில அரசு சும்மா இருந்ததா? 2023 நவம்பரில் வாழ்நாள் சாலை வரியை ஏற்றியது. முன்பு 8 சதவீதம். இப்போது ஒரு லட்சம் ரூபாய் வரை உள்ள வண்டிக்கு 10 சதவீதம், அதுக்கு மேலே 12 சதவீதம். அப்புறம் பெட்ரோல். லிட்டருக்கு மத்திய அரசு கலால் வரி ஒரு பக்கம், மாநில அரசு மதிப்புக் கூட்டு வரி மறுபக்கம். மணலியில் சுத்திகரித்த பெட்ரோலை மணலியிலேயே போட்டாலும் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டுது.

சரி, வாழ்நாள் முழுவதுக்கும் சாலை வரி கட்டியாச்சு. சாலை எங்கே?

எண்ணூர் விரைவுச் சாலையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கி வால் நீண்டு நிற்கும் கன்டெய்னர் லாரி வரிசை. மறுபக்கம் பள்ளம், மணல், சிந்திய ஆயில். நடுவில் கிடைக்கிற இடைவெளியில் 110 கிலோ வண்டி, அதுக்குப் பக்கத்தில் 40 டன் லாரி. பின்சக்கரம் பக்கம் என்ன இருக்கு என்று டிரைவருக்குத் தெரியாது. அவரும் நம்ம எதிரி இல்லை. சாப்பாடு, தூக்கம், கழிப்பறை எதுவும் இல்லாமல் மணிக்கணக்கில் வரிசையில் நிறுத்தி வைக்கப்பட்ட தொழிலாளி அவர். இரண்டு தொழிலாளிகளை ஒரே குறுகலான ரோட்டில் மோதவிட்டு வேடிக்கை பார்ப்பவர்களைத்தான் நாம கேள்வி கேட்கணும்.

துறைமுகம்–மதுரவாயல் பறக்கும் சாலை ஞாபகம் இருக்கா? கன்டெய்னர் நெரிசலைக் குறைக்கும் என்றார்கள். 2009 ஜனவரியில் அன்றைய பிரதமர் அடிக்கல் நாட்டினார். 2012-ல் வேலை நின்றது. கூவத்தில் தூண்கள் மட்டும் மொட்டையாக நின்றன. 2022 மே மாதம் இன்னொரு பிரதமர் வந்து இன்னொரு முறை அடிக்கல் நாட்டினார். ஒரே சாலைக்கு இரண்டு அடிக்கல்! முதல் கல் விழுந்த வருஷம் ராயபுரத்தில் பிறந்த குழந்தை, இன்றைக்கு லைசென்ஸ் எடுக்கும் வயசை நெருங்கிவிட்டது.

விபத்துக் கணக்கு யார் சொன்னது என்று கேட்பார்கள். மத்திய அரசின் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022-ல் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அந்த வருஷம் அதிக விபத்து நடந்த மாநிலம் எது? நம்ம தமிழ்நாடு. 64,105 விபத்துகள்.

இத்தனை பேர் சாகும்போது பாதுகாப்புக்கு என்ன செய்தார்கள்? அதிலும் சிசி பார்த்தார்கள்! 2019-லிருந்து 125 சிசிக்கு மேல் உள்ள வண்டிக்கு ஏபிஎஸ் பிரேக் கட்டாயம். அவசரத்தில் அழுத்திப் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் வண்டி வழுக்குவதைத் தடுக்கும் பிரேக் அது. 125-ம் அதற்குக் கீழும்? சிபிஎஸ் போதும் என்றார்கள். ஒரு பிரேக்கை அழுத்தினால் இரண்டு சக்கரத்துக்கும் பிடிக்கும், அவ்வளவுதான். சக்கரம் பூட்டிக்கொண்டால் காப்பாற்றாது. எக்ஸ்எல்லும் ஸ்கூட்டியும் 100 சிசி வண்டியும் ஓட்டுவது யார்? அவன் உயிருக்கு மட்டும் தள்ளுபடி விலையா? எல்லா வண்டிக்கும் ஏபிஎஸ் என்று ஒரு வரைவு போடவே 2025 ஜூன் வரைக்கும் ஆனது. ஹெல்மெட் போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம், அதே ஹெல்மெட்டை வாங்கினால் 18 சதவீதம் ஜிஎஸ்டி. தலையைக் காப்பாத்தச் சொல்றதும் அவங்கதான், அதிலும் கமிஷன் எடுக்கிறதும் அவங்கதான்.

இப்போ பைக் ரேஸுக்கு வருவோம். நம்ம நிலையை ஒளிவு மறைவு இல்லாமல் சொல்லணும்.

பொதுச் சாலையில் ரேஸ் விடுவது வீரம் இல்லை தம்பி. நடந்து போகிற பாட்டிக்கும், சைக்கிளில் போகிற பிள்ளைக்கும், உனக்கும் அது கொலை. சட்டப்படி முதல் தடவை 5,000 ரூபாய் வரை அபராதமோ மூணு மாசம் வரை சிறையோ, இரண்டுமேகூடப் போடலாம். 18 வயசு ஆகாத பிள்ளை கையில் வண்டி கொடுத்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூணு வருஷம் வரை சிறை. வண்டிப் பதிவும் 12 மாசம் ரத்து. "பக்கத்துத் தெருதானே" என்று சாவியைக் கொடுக்கும் பெற்றோர் இதை இரண்டு தடவை படிங்க.

ஆனால் வேகம் பிடிக்கும் பையனுக்கு இந்த ஊர் என்ன வழி விட்டிருக்கு?

ஒரு காலத்தில் இருந்தது. நம்ம வடக்குப் பக்கம், செங்குன்றம் தாண்டி சோழவரம். இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளம். 1950-களிலிருந்து அங்கே மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்தது. நாடே திரும்பிப் பார்த்த பந்தயம். பிறகு 1990-ல் பந்தயத் தடம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போனது. நல்ல தடம், சந்தேகமில்லை. ஆனால் எண்ணூர்ப் பையன் நகரத்தைச் சுற்றி அங்கே போய், கவச உடை வாங்கி, கட்டணம் கட்டி ஓட்டுவது நடக்கிற காரியமா?

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1. தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டருக்கு ரோட்டைப் பளபளவென்று போட்டு, ராத்திரியைப் பகலாக்கி விளக்கு போட்டு, ஃபார்முலா 4 கார் பந்தயம் நடந்தது. அரசுப் பணமும் அதில் போனது. அதில் ஓடினதும் வேகம்தான், கேட்டதும் சைலன்சர் சத்தம்தான். அங்கே அதுக்குப் பேர் விளையாட்டு. அங்கிருந்து சில கிலோமீட்டர் வடக்கே வந்தால் பேர் ரவுடித்தனம். பந்தயமே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நடுரோட்டில் தடம் போட முடிந்த அரசுக்கு, வடசென்னையில் ஒரு பயிற்சித் தடம் போட ஏன் முடியவில்லை என்றுதான் கேட்கிறோம்.

வாய்ப்புக் கொடுத்தால் இந்த ஊர் என்ன செய்யும் என்று பார்க்கணுமா? காசிமாவைப் பாருங்கள். வடசென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள். 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம். ஒரு பலகையும் காய்களும் பயிற்சி கொடுக்க ஒரு ஆளும் கிடைத்ததுக்கே இது. ஒரு தடமும் நல்ல பயிற்சியாளரும் கிடைத்தால்?

நம்ம கோரிக்கைகள் இவை:

1. எண்ணூர் விரைவுச் சாலையில் இருசக்கர வாகனத்துக்குத் தடுப்புடன் தனி வழி வேண்டும்.

2. கன்டெய்னர் லாரிகள் சாலையில் நிற்கக் கூடாது. நிறுத்த முனையம், அதில் டிரைவர்களுக்குக் குடிநீர், கழிப்பறை, ஓய்விடம் வேண்டும். அதைச் செய்து தரும் பொறுப்பு துறைமுகங்களுக்கு.

3. சிசி பார்க்காமல் எல்லா இருசக்கர வாகனத்துக்கும் ஏபிஎஸ். அந்தச் செலவை வாங்குபவன் தலையில் கட்டாமல், 125 சிசி வரை உள்ள வண்டிக்கு ஜிஎஸ்டியை 5 சதவீதமாகக் குறைக்க வேண்டும். மின்சார வண்டிக்கு 5 சதவீதம் முடியும் என்றால் இதுவும் முடியும்.

4. தரச்சான்று பெற்ற ஹெல்மெட்டுக்கு வரியே கூடாது.

5. மாநில அரசு 2023-ல் ஏற்றிய சாலை வரியை, ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வண்டிக்காவது திரும்பப் பெற வேண்டும்.

6. வடசென்னையில் அரசு மோட்டார் சைக்கிள் பயிற்சித் தடம். ஓட்டுநர் பயிற்சி, மெக்கானிக் பயிற்சி, பந்தயப் பயிற்சி மூன்றும் அங்கே இலவசம்.

7. வாகனச் சோதனையில் குற்றத்தைப் பாருங்கள். தலைமுடியையும் முகவரியையும் பார்க்காதீர்கள்.

கடைசியாக நம்ம தோழர்களுக்கு ஒரு வார்த்தை. பேரணி என்றாலும் பொதுக்கூட்டம் என்றாலும் நம்ம கொடி கட்டிய வண்டியில் போகிறவர் தலையில் ஹெல்மெட் இருக்கணும், பின்னால் உட்காருகிறவருக்கும் சேர்த்து. மூணு பேர் ஏறக் கூடாது. 2022-ல் ஹெல்மெட் இல்லாமல் நாட்டில் செத்தவர்கள் 50,029 பேர். அந்தக் கணக்கில் நம்ம தோழர் ஒருவர் பெயரும் சேரக் கூடாது. உரிமை கேட்கிறவன் கை சுத்தமா இருக்கணும், தலை பத்திரமா இருக்கணும்.

அடுத்து வாக்கு கேட்டு யார் உங்கள் தெருவுக்கு வந்தாலும் இந்த ஏழு கேள்வியையும் கேளுங்கள். நம்ம கட்சிக்காரர் வந்தாலும் கேளுங்கள். கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கிளம்பினால், எண்ணூர் விரைவுச் சாலை வழியாக ஒருமுறை ஸ்கூட்டியில் வரச் சொல்லுங்கள்.

உங்கள் தெரு, உங்கள் ரோடு, உங்கள் வண்டிக்கு நீங்கள் கட்டிய வரி எவ்வளவு என்று கமெண்டில் எழுதுங்கள். பகிருங்கள், தோழர்களே!

#வடசென்னைக்குச்சாலைவேண்டும்
#சிசிபார்த்துஉயிரைஎடைபோடாதே