அந்தோணியாரைப் பார்க்க ஆயிரம் கெடுபிடி

வெளிநாடு போய்வர என்ன ஆகும்? பாஸ்போர்ட், விசா, விமான டிக்கெட், ஓட்டல், ஏஜென்டுக்குக் கமிஷன்... நடுத்தர வர்க்கத்துக் குடும்பம் ஒன்று நாலு பேராகக் கிளம்பினால் இரண்டு வருடச் சேமிப்பு காலி. ஆனால் ராமேஸ்வரம் தீவில் இருக்கும் ஒரு மீனவக் குடும்பத்துக்கு இந்தக் கவலை எதுவும் கிடையாது. வெள்ளிக்கிழமை காலை படகேறினால் இரண்டு மணி நேரத்தில் வெளிநாடு. சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் வீடு. பாட்டி, பேரன், கைக்குழந்தை என்று மொத்தக் குடும்பமும் பாஸ்போர்ட் என்ற வஸ்துவைக் கண்ணால் பார்க்காமலேயே இன்னொரு நாட்டு மண்ணில் ஒரு ராத்திரி படுத்துத் தூங்கிவிட்டு வரும்.

கச்சத்தீவு அந்தோணியார் கோவில் திருவிழாவைப் பற்றித்தான் பேச்சு.

கச்சத்தீவு என்றவுடன் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் ஒரே வார்த்தைதான் ஞாபகம் வரும்: "மீட்போம்!" தேர்தல் வந்தால் மீட்போம். மீனவர் கைதானால் மீட்போம். சட்டசபையில் தீர்மானம் (கடைசியாக 2025 ஏப்ரலில்), உச்ச நீதிமன்றத்தில் வழக்கு, 2024 நாடாளுமன்றத் தேர்தல் சமயத்தில் பிரதமரே எடுத்துப் பேசிய விவகாரம். எல்லாம் சரி. ஆனால் இத்தனை வருடமாக மீட்டுக்கொண்டே இருக்கும் இந்தத் தீவுக்கு வருடத்தில் இரண்டு நாள் போய்வரும் குடும்பங்களின் நிலைமை என்ன என்று கேட்டால், மேடையில் இருக்கும் யாருக்கும் பதில் தெரியாது. தீவு வேண்டும். அங்கே போகிற ஜனங்கள் வேண்டாம். அப்படித்தான் இருக்கிறது லட்சணம்.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. மொத்தமே 285 ஏக்கர். ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 12 கடல் மைல். ராமநாதபுரம் போவதைவிடக் கச்சத்தீவு பக்கம்! அந்தப் புறம் யாழ்ப்பாணத்தின் நெடுந்தீவும் ஏறக்குறைய அதே தூரம்தான். குடிக்க நல்ல தண்ணீர் கிடையாது, அதனால் ஊரும் கிடையாது. முட்செடி, மணல், இலங்கைக் கடற்படையின் முகாம், ஒரு கோவில். அவ்வளவே. ராமநாதபுரம் மாவட்டத்து நம்புதாளையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாச்சி என்பவர் போன நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைக் கட்டினார் என்று அந்தக் கரையோரத்தில் சொல்வார்கள். அந்தோணியாரோ போர்ச்சுகலில் பிறந்து இத்தாலியில் இறந்தவர். மீன்களுக்குப் பிரசங்கம் செய்தவர் என்று அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. ஒரு போர்ச்சுகீசியப் புனிதருக்கு ஒரு படையாச்சி கோவில் கட்ட, அங்கே இந்துவும் கிறிஸ்தவரும் சேர்ந்து போய் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். கடல் யாரிடமும் மதம் கேட்பதில்லை போலும்.

அவருடைய திருநாள் திருச்சபைக் காலண்டரில் ஜூன் 13. ஆனால் இந்தத் தீவில் மட்டும் தவக்காலத்தில், பிப்ரவரி, மார்ச் வாக்கில் விழா நடக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொடியேற்றம், சிலுவைப்பாதை, ராத்திரி தேர்பவனி. சனிக்கிழமை காலை திருப்பலி, கொடியிறக்கம். அந்தப் பக்கம் யாழ்ப்பாண மறைமாவட்டம், இந்தப் பக்கம் சிவகங்கை மறைமாவட்டம். இரண்டு கரைக் குருக்களும் சேர்ந்து நிற்பார்கள். சிங்களவர்களும் வருவார்கள். ஓட்டல் கிடையாது, லாட்ஜ் கிடையாது. தார்ப்பாயை விரித்து, குடும்பம் குடும்பமாக மணலில் படுக்கை.

இனி ஒப்பந்தம். 1974 ஜூன் மாதம் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்டார்கள், தீவு இலங்கைக்குப் போனது. இதைத் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடப் பையன்கூடச் சொல்வான். ஆனால் அந்த ஒப்பந்தத்தின் 5வது ஷரத்தைப் படித்தவர்கள் எத்தனை பேர்? இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் இதுவரை போய்வந்தது போலவே இனியும் கச்சத்தீவுக்குப் போய்வரலாம், அதற்காக அவர்களிடம் பயண ஆவணமோ விசாவோ இலங்கை கேட்காது என்பது அதன் சாரம். 1976ல் வந்த அடுத்த ஏற்பாடு இந்தியப் படகுகள் இலங்கைக் கடலில் மீன் பிடிப்பதை நிறுத்தியது. ஓய்வெடுக்கலாம், வலை உலர்த்தலாம், திருவிழாவுக்குப் போகலாம், மீன் மட்டும் பிடிக்கக் கூடாது என்பதுதான் டெல்லி சொல்லிவரும் விளக்கம். ஆக, இத்தனை இழப்புக்குப் பிறகும் கேள்வி கேட்பாரில்லாமல் தமிழ்நாட்டின் கையில் மிச்சமிருக்கும் உரிமை இந்தத் திருவிழாதான். வணிகச் சட்டம் படிக்கும் எந்த மாணவனும் சொல்வான், ஒப்பந்தத்தில் சாதகமான ஒரு ஷரத்து இருந்தால் அதைப் பயன்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும். பயன்படுத்தாத உரிமை மெல்லத் துருப்பிடித்துப் போகும்.

அந்த ஷரத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆவணம் கேட்காது என்று வாக்குக் கொடுத்தது இலங்கை மட்டும்தான். இந்தியா கேட்காது என்று எங்கும் எழுதவில்லையே! அதனால் இந்தியா கேட்கிறது. விண்ணப்பம் வாங்க வேண்டும், அடையாள அட்டை நகல், போட்டோ, படகுக்காரர் பெயர்ப் பட்டியல், போலீஸ் சரிபார்ப்பு, சுங்கச் சோதனை. எல்லாவற்றுக்கும் கடைசித் தேதி உண்டு. குறித்த நாளுக்குள் கொடுக்காவிட்டால் அந்த வருடம் அந்தோணியார் கிடையாது. நாட்டுப்படகில் போக அனுமதி கேட்டு ஜனங்கள் நீதிமன்றப் படியேற வேண்டி வந்தது. நாட்டுப்படகிலும் வள்ளத்திலும் தாத்தன் பூட்டன் போன கோவில் அது. "இதுவரை போய்வந்தது போலவே" என்ற வார்த்தைக்கு வேறு என்ன அர்த்தம்? 1974க்கு முன்னால் தங்கச்சிமடத்துக் குடும்பம் ஒன்று பாய்மரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பியபோது யாரிடம் ஜெராக்ஸ் காப்பி கொடுத்தது?

பாதுகாப்பு வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். கடத்தல் நடக்கும் கடல் அது, போதைப்பொருளும் தங்கமும் பிடிபடும் கடல். லைப் ஜாக்கெட் போடச் சொல்வது நியாயம், படகில் அளவுக்கு மேல் ஆள் ஏற்றாதே என்பதும் நியாயம். அதையெல்லாம் யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் பை நிறையக் கற்பூரமும் மெழுகுவர்த்தியும் கட்டுச்சோறும் வைத்திருக்கும் எழுபது வயதுப் பாட்டியிடம் கடத்தல்காரனைச் சோதிப்பது போலச் சோதிப்பது எந்தப் பாதுகாப்பில் சேர்த்தி? போகும்போது ஒரு சேலை, ஒரு லுங்கி. வரும்போது இலங்கைச் சோப்பு, தேங்காய் எண்ணெய், கொஞ்சம் கிராம்பு. இவ்வளவுதான் அந்தத் திருவிழாவின் இன்டர்நேஷனல் டிரேடு! பொருளாதாரப் புத்தகத்தில் பண்டமாற்று என்று ஒரு பக்கத்தில் முடித்துவிடுவார்கள். நிஜத்தில் அது சொந்தக்காரர்கள் கைமாற்றிக்கொள்ளும் பட்சணம். இரண்டு கரையிலும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்கள் உண்டு. போர் அவர்களைப் பிரித்தது, விழாவும் ஆண்டுக்கணக்கில் நின்றது. 2009ல் போர் முடிந்த பிறகுதான் மறுபடியும் களைகட்டியது.

கெடுபிடியாவது போகட்டும். அதைவிடப் பெரிய அநியாயம் 2024ல் நடந்தது. அந்த வருடம் பிப்ரவரி 23, 24 தேதிகளில் விழா. அதற்குக் கொஞ்ச நாள் முன்பு எல்லை தாண்டியதாகக் கைதான ராமேஸ்வரம் மீனவர்களில் சிலருக்கு, படகோட்டிகளுக்கு, இலங்கை நீதிமன்றம் சிறைத்தண்டனை கொடுத்தது. ராமேஸ்வரத்தில் கொதிப்பு. வேலைநிறுத்தம். கூடவே, கச்சத்தீவு திருவிழாவையும் புறக்கணிப்பது என்று விசைப்படகு மீனவர் சங்கங்கள் முடிவெடுத்தன. படகு இல்லாமல் கடலில் நடந்தா போக முடியும்? அந்த வருடம் இந்தியாவிலிருந்து யாத்திரை ரத்து. பதிவு செய்து, நேர்ச்சைக்காக மாதக்கணக்கில் காசு சேர்த்துக் காத்திருந்த குடும்பங்கள் எல்லாம் வீட்டிலேயே இருந்தன. அங்கே விழா வழக்கம்போல நடந்தது. இலங்கை ஜனங்கள் வந்தார்கள், தேர் சுற்றியது, கொடி இறங்கியது.

மீனவர்களின் கோபம் நியாயமானதுதான். தினக்கூலிக்குக் கடலுக்குப் போனவன் சிறையில் கிடக்கிறான், பல லட்சம் பெறுமான படகு காங்கேசன்துறையில் உளுத்துப்போகிறது. கோபம் வராவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் புறக்கணிப்பு என்பது எதிராளிக்கு நஷ்டம் வர வேண்டிய ஆயுதம். ஒரு கடையைப் புறக்கணித்தால் கடைக்காரனுக்கு வியாபாரம் போகும். இங்கே யாருக்கு என்ன போனது? இலங்கைக் கடற்படைக்கு மூவாயிரம் பேருக்குத் தண்ணீரும் சாப்பாடும் பார்க்கும் வேலை மிச்சம். நீதிமன்றத்துக்கு ஒன்றுமில்லை. கொழும்பு அரசாங்கம் கவனித்திருக்குமா என்பதே சந்தேகம். நஷ்டம் முழுக்க இந்தக் கரையில். பிள்ளை வரம் கேட்டு நேர்ந்துகொண்டவளுக்கு நஷ்டம், காணாமல் போன மகனுக்காக மெழுகுவர்த்தி வாங்கி வைத்த தாய்க்கு நஷ்டம். முடிவெடுத்த கூட்டத்தில் அவர்களில் ஒருத்தியாவது உட்கார்ந்திருந்தாளா?

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது, கொஞ்சம் கசப்பான கணக்கு. மேடைகளில் "சிங்களக் கடற்படை எதிர் தமிழ் மீனவன்" என்று ஒரே சண்டையாகச் சொல்லிவிடுவார்கள். கடலில் நடப்பது அதுமட்டும் அல்ல. விசைப்படகின் இழுவைமடி கடலடியையே வாரிக்கொண்டு போகும். குஞ்சு குருமான் எதுவும் மிஞ்சாது. அந்த மடி போகும் இடத்தில் விரித்துக் கிடக்கும் வலைகள் யாருடையவை? யாழ்ப்பாணம், மன்னார்த் தமிழனுடையவை. முப்பது வருடம் போரில் கடலுக்கே போக முடியாமல் கிடந்து, கடன் வாங்கி வலை போட்டவன். இலங்கை 2017ல் இழுவைமடித் தொழிலைச் சட்டம் போட்டுத் தடுத்தது என்றால் அதற்குப் பின்னால் இருந்தது அந்த வடக்கத்தித் தமிழனின் குரலும்தான். கச்சத்தீவை நாளைக்கே மீட்டாலும் இந்தச் சண்டை தீராது. எல்லைக்கோடு தீவுக்கு மேற்கே சுமார் ஒரு கடல் மைலில்தான் இருக்கிறது. படகுகள் மீனைத் தேடிப் போவது தீவையும் தாண்டி, நெடுந்தீவுப் பக்கம்.

அப்படியானால் தீர்வு எங்கே வரும்? இரண்டு கரை மீனவர்களும் உட்கார்ந்து பேசினால்தான். டெல்லியிலும் கொழும்பிலும் அதிகாரிகள் கோப்பைத் திறந்து மூடுவார்கள். ஆனால் வலை அறுந்தவனும் மடி இழுத்தவனும் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஒரே மணலில் உட்கார்ந்து, ஒரே பந்தியில் சாப்பிட்டு, ஒரே மொழியில் ஜெபம் சொல்லும் இடம் ஒன்று இருக்கிறது. வருடத்தில் ஒரு ராத்திரி. அக்கவுன்டன்சியில் குட்வில் என்று ஒரு கணக்கு வரும். கண்ணுக்குத் தெரியாது, கையில் பிடிக்க முடியாது, ஆனாலும் சொத்துப் பக்கத்தில்தான் எழுதுவார்கள். பாக் நீரிணையில் தமிழனிடம் மிஞ்சியிருக்கும் குட்வில் அந்த ஒரு ராத்திரிதான். கோபத்தில் அதைப் போய்ப் பேரேட்டிலிருந்து அடித்துவிடுவதா?

இன்னொரு காட்சியும் உண்டு. மீன்பிடி நாட்களில் எந்த விசைப்படகைப் பார்த்தால் கடற்படை விரட்டுமோ, அதே விசைப்படகுதான் திருவிழா அன்று பக்தர்களை ஏற்றிப் போகிறது. எல்லை வரை இந்தியக் கடலோரக் காவல்படை துணைக்கு வரும். அதற்கு அப்பால் விரட்டும் அதே இலங்கைக் கடற்படை, பத்திரமாக அழைத்துப் போய்க் கரை சேர்க்கும். இறங்கும்போது பாட்டியின் கையைப் பிடித்துவிடும் சிப்பாய்க்கும் தெரியும், அவளுடைய மகன் எந்தப் படகில் வேலை செய்கிறான் என்று விசாரித்தால் வழக்கு ஒன்று கிடைக்கும் என்பது. அன்றைக்கு விசாரிப்பதில்லை.

இலங்கைக் கடற்படையைத் தூக்கிவைத்து ஆடவும் வேண்டாம். 2016ல் பழைய கோவிலுக்குப் பக்கத்தில் புதுக்கோவில் கட்டியபோது தமிழ்நாட்டைக் கலந்து பேசவில்லை. ஜெயலலிதா முதல்வராக இருந்து எதிர்ப்புத் தெரிவித்தும் அந்த டிசம்பரில் திறந்தே விட்டார்கள். 2023ல் கடற்படை முகாமில் புத்தர் சிலை இருக்கும் செய்தி வந்து சர்ச்சையானது. இந்தக் கரை ஜனங்கள் போவதை நிறுத்தினால் அந்தத் தீவில் யார் மிஞ்சுவார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டுமா? கோவிலுக்குச் சொந்தம் கொண்டாட ஒரே வழி வருடா வருடம் போய் நிற்பது. 2025 மார்ச்சில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் மறுபடி போய் நின்றார்கள். எந்தத் தீர்மானமும் செய்யாததை அந்த மூவாயிரம் பேரும் கட்டுச்சோற்றோடு செய்துவிட்டு வந்தார்கள்.

தீவை மீட்க டெல்லி வேண்டும், கொழும்பு வேண்டும், உச்ச நீதிமன்றமும் வேண்டுமாம். ஆனால் விண்ணப்பத்தை ஒரே பக்கமாகக் குறைக்கவும், ஒருமுறை சரிபார்த்த குடும்பத்தை வருடா வருடம் அலைக்கழிக்காமல் இருக்கவும், நாட்டுப்படகுக்குக் கேட்காமலே அனுமதி கொடுக்கவும் வெளியுறவுத் துறையின் தயவு பெரிதாக ஒன்றும் தேவையில்லை. ராமநாதபுரம் கலெக்டர் ஆபீசும் கரையோரப் போலீசும் மனசு வைத்தாலே பாதி வேலை முடியும். சங்கங்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. அடுத்த முறை வேலைநிறுத்தம் அறிவிக்கும்போது அந்த நோட்டீசில் ஒரு வரி சேர்த்துவிடலாம், திருவிழாப் படகுகளுக்கு இது பொருந்தாது என்று.