கிரிம்ப்புன்னா கழுத்தை நெரிக்கிறதில்லை சாமி!

டிஸ்கி: இது அமெரிக்காவில் சட்டப்படி ரிவால்வர் வைத்துக்கொண்டு, தன் தோட்டாவைத் தானே அடைத்துக்கொள்ளும் பொழுதுபோக்கு பற்றிய பதிவு. சொந்த உபயோகத்துக்கு அடைக்க இங்கே மத்திய அரசு உரிமம் தேவையில்லை, விற்கத்தான் வேணும். ஊர்ல இருக்கற மக்களே, அங்க 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாம தோட்டா செய்யறது குற்றம். படிச்சுட்டு நகர்ந்துடுங்க :-)

"நல்லா இறுக்கிக் கடிக்க விடு, குண்டு எங்கயும் போகாது." தோட்டா அடைக்க ஆரம்பிச்ச புதுசுல எனக்குக் கிடைச்ச முதல் உபதேசம் இதுதான். சொன்னவர் ரேஞ்சுல பக்கத்து மேடையில சுடற பெரியவர். முப்பது வருஷ அனுபவம். நாம எந்த மூலைக்கு? தலையாட்டிட்டு வந்தேன்.

என்கிட்ட இருந்தது அஞ்சு தோட்டா போடற, எடை குறைஞ்ச .357 மேக்னம் ரிவால்வர். அதுல என் கைப்பட அடைச்ச ஈயக் குண்டுகள். நாலு சுட்டேன். அஞ்சாவதுக்கு விசையை இழுத்தா அசையலை. சிலிண்டர் சுத்தவே இல்லை. கடைசித் தோட்டாவுல இருந்த குண்டு முன்னாடி நகர்ந்து, சிலிண்டரைத் தாண்டி எட்டிப் பார்த்து, சட்டத்துல முட்டிக்கிட்டு நின்னுது. காகித டார்கெட் முன்னாடி நடந்ததால தப்பிச்சேன். கரடி திரியற காட்டுல நடந்திருந்தா?

பெரியவர்கிட்ட போனேன். "கிரிம்ப் பத்தலை தம்பி, டையை இன்னும் கால் சுத்து இறக்கு" என்றார். இறக்கினேன். அடுத்த வாரம் மூணாவது குண்டுக்கே மாட்டிக்கிச்சு!

அப்பதான் மண்டையில உறைச்சுது. இறுக்க இறுக்க ஏன் லூசாகுது?

முதல்ல குண்டு ஏன் நகருதுன்னு பார்ப்போம். சுடும்போது துப்பாக்கி பின்னாடி உதைக்குது. கூடவே பித்தளைக் கேஸையும் விளிம்பைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போகுது. உள்ள இருக்கற குண்டு இருந்த இடத்துலயே இருக்கப் பார்க்கும். பஸ் சட்டுனு கிளம்பினா நிக்கறவன் பின்னாடி சாயற கதைதான். துப்பாக்கி எடை குறைய, உதை கூடும். உதை கூட, குண்டு கழண்டுக்கும்.

இதைத் தடுக்கறது ரெண்டு. ஒண்ணு, கேஸோட சுவர் குண்டை நீளத்துக்கும் கவ்வியிருக்கற பிடி. இன்னொண்ணு, வாயில மடக்கிவிடற கிரிம்ப். வேட்டியும் பெல்ட்டும் மாதிரி. இடுப்புல வேட்டிக் கட்டு சரியா இருந்தா பெல்ட் துணைக்கு நிக்கும். கட்டே சரியில்லைன்னா பெல்ட்டை எத்தனை ஓட்டை இறுக்கினாலும் வேட்டி அடியால நழுவும். நம்ம ஆளுங்க பெல்ட்டைப் பத்தியே பேசிட்டு வேட்டியை மறந்துடறாங்க.

அதிகமா கிரிம்ப் பண்ணா ரெண்டு கெடுதல். பித்தளை அழுத்தினா கொஞ்சம் திரும்பி விரியும், ஈயம் அப்படி விரியாது, நசுங்கினது நசுங்கினதுதான். ஆக இடையில பிடி போச்சு. அடுத்தது, வாயை அளவுக்கு மேல மடக்கினா அதுக்குக் கீழ கேஸ் புடைச்சுக்கிட்டு குண்டை விட்டு விலகும். இதைத்தான் நான் கால் சுத்து கால் சுத்தா செஞ்சுக்கிட்டு இருந்திருக்கேன்.

இன்னொரு மந்திரம் வேற இருக்கு: "ரிவால்வர்னா ரோல் கிரிம்ப், பிஸ்டல்னா டேப்பர் கிரிம்ப்." பாதி உண்மை. துப்பாக்கியைப் பார்க்காதீங்க, குண்டைப் பாருங்க. எல்மர் கீத் வடிவமைச்ச குண்டுகள் மாதிரி கிரிம்ப்புக்குன்னே பள்ளம் இருந்தா ரோல் கிரிம்ப், கேஸ் வாய் பள்ளத்துக்குள்ள மடங்கற அளவுக்கு, அவ்வளவுதான். பள்ளமே இல்லாத, மெல்லிய செம்பு முலாம் பூசின குண்டுல ரோல் கிரிம்ப் போட்டா முலாமை அறுத்துடும். அதுக்கு டேப்பர்தான். முதல் உலகப்போர்ல வந்த எம்1917 ரிவால்வரை எடுத்துக்கங்க. அது சுடறது .45 ஏசிபி, பிஸ்டல் தோட்டா. அதை அரைவட்டக் கிளிப்புல மூணு மூணா கோத்துப் போடுவாங்க. ரிவால்வர்தான், ஆனா அந்தத் தோட்டாவுக்குப் பொருந்தறது டேப்பர். இப்ப மந்திரம் எங்க போச்சு?

உடனே "அப்ப கிரிம்ப்பே வேணாங்கறியா?"ன்னு கிளம்பாதீங்க. வேணும். மேக்னத்துக்குப் போடற 296, எச்110 மாதிரி மெதுவா எரியற மருந்துக்கு உறுதியான கிரிம்ப் அவசியம். ஆரம்பத்துல குண்டு தடுத்து நிக்கலைன்னா மருந்து சரியா எரியாது. குண்டு குழல்லயே சிக்கிக்கலாம். அது தெரியாம அடுத்ததைச் சுட்டா குழல் வெடிக்கும், கையும் சேர்ந்து போகும். உறுதி வேற, நெரிக்கிறது வேற. அதான் என் சண்டை.

நான் இப்ப செய்யறது: கேஸை எல்லாம் ஒரே நீளத்துக்கு வெட்டிக்கறேன் (.357க்கு அதிகபட்சம் 1.290 அங்குலம்). நீளம் மாறினா கிரிம்ப்பும் மாறும். வாயைத் தேவைக்கு மேல விரிக்கறதில்லை. குண்டை உட்கார வைக்கறது ஒரு தடவை, கிரிம்ப் தனியா இன்னொரு தடவை. மருந்து அளவுக்குக் கையேடுதான் வேதம், அதுக்கு இங்க நம்பர் கேட்காதீங்க.

கடைசியா பரீட்சை. ஒரு தோட்டாவோட நீளத்தை காலிப்பர்ல அளந்து குறி போட்டு வைங்க. மத்த நாலையும் சுடுங்க. குறி போட்டதை எடுத்துத் திரும்ப அளங்க. நீளம் கூடியிருந்தா உங்க கிரிம்ப் ஃபெயில், யார் சொல்லிக் கொடுத்திருந்தாலும் சரி.

பெரியவர் மேல கோவமில்லை. அவர் சுடறது கனமான பழைய .38 ஸ்பெஷல். அந்த மெல்லிசான உதைக்கு எந்தக் கிரிம்ப்பும் பாஸாயிடும். தப்பு அவர் அனுபவத்துல இல்லை. அதை என் துப்பாக்கிக்கு அப்படியே மாட்டின என் சோம்பேறித்தனத்துல இருக்கு.

கும்மறவங்க தாராளமா கும்மலாம். வரும்போது காலிப்பரோட வாங்க :-)